பறவையின் பெயர் சொல்லும் பெட்டி



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், காலையும் மாலையும் திண்ணையில் அமர்ந்து பறவைகளைப் பார்ப்பதே என் வழக்கமாயிற்று. எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ளது. மேற்கே கல்வராயன் மலை. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஊரைச் சுற்றிலும் கரும்புத் தோட்டம். ஆறும் மலையும் வயலும் அருகருகே அமைந்த இடத்தில் பறவைகளுக்குப் பஞ்சம் இராது அல்லவா?

சென்ற ஆண்டு எனக்கு இரண்டு பரிசுகள் வந்தன. ஒன்று, அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அனுப்பியது; மற்றொன்று, பெங்களூரில் பொறியாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. இரண்டும் ஒரே வகைப் பொருள்: பறவைக்கு இரை வைக்கும் பெட்டி, அதற்குள்ளேயே ஒரு காமிரா. பறவை வந்து அமர்ந்தால் பெட்டி தானே படம் எடுக்கும். படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும். பறவையின் பெயரையும் சொல்லும். அனுப்பிய இருவரும் கேட்ட கேள்வியும் ஒன்றே: "எது சிறந்தது?" ஓராண்டுக் காலம் இரண்டையும் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். நான் கண்டதையும், அதனினும் முக்கியமாக, நான் காணத் தவறியதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். செய்தவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இத்தகைய பெட்டிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அவை இயங்கும் முறையை அறிந்துகொண்டால் எந்தப் பெட்டியையும் நீங்களே எடைபோடலாம்.

பறவைக்கு உணவிடுவது நமக்குப் புதிதன்று. காக்கைக்குச் சோறு வைத்த பிறகே உண்ணும் வீடுகள் இன்றும் உள்ளன. அறுவடை முடிந்ததும் நெற்கதிர்க் கொத்தை வீட்டு வாசலில் சிட்டுக்குருவிக்கெனத் தொங்கவிடுவதும் நம் பழைய வழக்கம். பனி பெய்யும் மேலைநாடுகளில் இது வேறொரு தேவையால் வளர்ந்தது. குளிர்காலத்தில் நிலம் பனியால் மூடப்படும்போது சிறு பறவைகளுக்கு இரை கிடைப்பது அரிது. ஆகவே வீட்டுத் தோட்டங்களில் இரைப்பெட்டிகளைத் தொங்கவிட்டனர். அங்கு வரும் பறவைகளைப் பொதுமக்களே எண்ணிக் குறிக்கும் திட்டம் ஒன்று வட அமெரிக்காவில் 1987 முதல் நடந்து வருகிறது. 2020 ஆம் ஆண்டில் 'பேர்ட் பட்டி' என்ற நிறுவனம் காமிரா பொருத்திய இரைப்பெட்டி செய்வதற்குக் 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையதளத்தின் வழியே பொதுமக்களிடம் பணம் திரட்டியது. அதன் பின்னரே இத்தகைய பெட்டிகள் உலகெங்கும் பரவலாயின.

இனி ஒப்பிடுவோம். முதற்கேள்வி: பறவை வந்ததைப் பெட்டி எவ்வாறு அறிகிறது? உயிர்களின் உடல் வெப்பம் அகச்சிவப்புக் கதிர்களாக வெளிப்படுகிறது. அக்கதிர்களை நம் கண் காணாது. பெட்டியிலுள்ள உணரி காணும். சுற்றுப்புறத்தின் வெப்பமும் பறவையின் வெப்பமும் வேறுபட்டிருந்தால்தான் அதற்கு வேலை எளிது. மார்கழி விடியலில் என் முதற்பெட்டி ஒரு சிட்டையும் தவறவிடவில்லை. சித்திரை நண்பகலிலோ, வெயில் 40 பாகையை நெருங்கும்போது, கண்ணெதிரே மூன்று கிளிகள் கொத்திக்கொண்டிருக்க, பெட்டி உறங்கிக்கொண்டிருந்தது. காரணம் விளங்குகிறதா? பறவையின் இறகுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்ப வேறுபாடு அப்போது மிகக் குறைவு. குளிர்நாட்டில் குறையில்லாத கருவி நம் கோடையில் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாம் பெட்டிக்கு வேறு வழி. அது அடுத்தடுத்த காட்சிகளை ஒப்பிட்டு, ஏதேனும் அசைந்தால் படம் எடுக்கிறது. வெயில் அதனை ஏமாற்றவில்லை, வேப்பிலை ஏமாற்றியது! காற்றடித்த நாளொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட வேப்பங்கிளைப் படங்கள் என் கைப்பேசியில் வந்து குவிந்தன. மாலைக்குள் மின்கலமும் தீர்ந்தது. ஒன்று காணாமல் விடும் குறை. மற்றொன்று இல்லாததைக் கண்டதாகச் சொல்லும் குறை. அளவிடும் கருவிகளில் இவ்விரு குறைகளும் வெவ்வேறு என்பதை அறிவியல் மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்தது மின்சாரம். இரண்டு பெட்டிகளும் சூரிய ஒளித் தகட்டால் மின்கலத்தை நிரப்பிக்கொள்பவை. முதற்பெட்டியில் தகடு கூரையோடு ஒட்டியிருந்தது. ஆதலின் பெட்டியையும் வெயிலில் வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் தகடு தனியே ஒரு கம்பியின் முனையில் இருந்தது. தகட்டை ஓட்டின் மேலும், பெட்டியை வேப்பமர நிழலிலும் வைக்க முடிந்தது. லித்தியம் மின்கலம் கடும் வெப்பத்தில் கெடும் இயல்புடையது; பறவையும் வெயிலை விட நிழலையே நாடும். இவ்வகையில் நம் நாட்டிற்கு ஏற்றது இரண்டாவதே.

மூன்றாவது, படம் சென்று சேரும் இடம். இப்பெட்டிகள் வைஃபை அலையின் வழியே வீட்டு இணையத்தோடு பேசுகின்றன. சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லவல்லது என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையே பெரும்பாலானவை பயன்படுத்துகின்றன. முதற்பெட்டி படங்களையெல்லாம் எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பிவிடும்; பழைய படங்களைத் திரும்பப் பெற மாதச் சந்தா கட்ட வேண்டும். இரண்டாவது பெட்டி தனக்குள்ளே செருகிய சிறு அட்டையிலும் சேமிக்கும். மழைக்காலத்தில் இணையம் அறுந்த நாட்களின் படங்கள் எனக்கு அட்டையிலிருந்தே கிடைத்தன. இங்கே ஓர் எச்சரிக்கை: காமிராவின் முகம் உங்கள் மரத்தை நோக்கி இருக்கட்டும், அண்டை வீட்டு முற்றத்தை நோக்கி இருத்தல் கூடாது.

நான்காவது, பெயர் சொல்லும் திறம். பல்லாயிரம் பறவைப் படங்களைக் காட்டி, 'இது இன்னது' என்று கணினிக்குக் கற்பிக்கின்றனர். பின்னர்ப் புதிய படம் ஒன்று வந்தால், தான் கற்றவற்றுள் எதனோடு அது மிக ஒத்திருக்கிறதோ அதன் பெயரைக் கணினி சொல்கிறது. கற்றது நிரம்பியிருந்தால் விடை சரியாகும். கற்காத பறவை வந்தாலோ? எங்கள் முற்றத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இரைச்சலிடும். நூலோர் இதனை வெண்தலைச் சிலம்பன் என்பர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இப்பறவை இயற்கையில் வாழ்வதில்லை. முதற்பெட்டி இதற்கு வடஅமெரிக்கப் பறவை ஒன்றின் பெயரைச் சூட்டியது. அதுவும் ஐயத்துடன் அன்று, மிக்க உறுதியுடன்! இரண்டாம் பெட்டி 'அறியப்படாத பறவை' என்றது. வகுப்பறையில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மாணவனை நான் என்றும் மதித்தவன். ஆகவே இரண்டாம் பெட்டிக்கே மதிப்பெண் கொடுத்தேன்.

இரையையும் கருதவேண்டும். மேலைநாட்டுப் பெட்டிகள் சூரியகாந்தி விதைக்கென அமைந்தவை. கிளி அதனை உடைத்துத் தின்னும். சில்லைகளின் சிற்றலகுக்கு அது எளிதன்று. கல்வராயன் மலையில் விளையும் சாமையையும், எங்கள் பக்கத்துக் கம்பையும் இட்ட பிறகே சில்லைகளும் புறாக்களும் வந்தன. மேலும், தானியம் தின்னாத பறவை எந்தப் பெட்டிக்கும் வராது. ஆற்று மீன்கொத்தியும், மின்கம்பியில் அமரும் கரிச்சானும், புதரில் நடக்கும் செம்போத்தும் ஓராண்டில் ஒருமுறையும் என் காமிராவில் விழவில்லை. பெட்டி காட்டுவது ஊர்ப் பறவைகள் அனைத்தையும் அன்று. ஊர்ப் பறவைகளுள் தானியத்திற்கு வருபவற்றை மட்டுமே.

இவ்விரு பெட்டிகளோடு மூன்றாவதாக ஒன்றும் என் முற்றத்தில் இருந்தது. அடுத்த தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு கொட்டாங்குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாள், நேரம், வந்த பறவை, அது செய்த செயல் ஆகியவற்றைக் குறித்து வந்தாள். எனக்கு அது குழந்தை விளையாட்டாகவே தோன்றிற்று.

கார்த்திகை மாதத்தில் மூன்று வாரம் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. "பெட்டிகளில் தானியம் குறைந்தால் நிரப்பு, அம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சென்றேன். அவளும் தவறாது நிரப்பினாள். பழைய தானியத்தைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவி உலர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழை பெய்தது. அடியில் தங்கிய சாமை ஊறிப் பூஞ்சை பிடித்தது. அதன்மேல் புதுத் தானியம் விழுந்தது. முதற்பெட்டியின் உட்புறத்தில் கழற்றமுடியாத மூலைகள் இருந்தமையால் கேடு அங்கேதான் மிகுந்தது.

சென்னையில் இருந்த எனக்கோ நாள்தோறும் படங்கள் வந்தன. ஒருநாள் மாலை புள்ளிப்புறா ஒன்றின் படம். பெட்டி அதன் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தது. படத்தின் தெளிவை வியந்து, அதனை என் மகனுக்கும் அனுப்பி மகிழ்ந்தேன். ஊர் திரும்பியபோது வேப்பமரத்தடியில் புறா இறந்து கிடந்தது.

மாணவி தன் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். நான் வியந்த படம் எடுக்கப்பட்ட அதே நாளில் அவள் எழுதியிருந்தாள்: 'புள்ளிப்புறா இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. ஒன்றும் தின்னவில்லை. கிட்டே போனாலும் பறக்கவில்லை.'

"எனக்கு ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் படம் வருமே, ஐயா. பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றாள்.

படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சிலிர்த்த இறகும் பாதி மூடிய கண்ணும் அதில் தெளிவாகவே இருந்தன. பெட்டி மறைக்கவில்லை, பெயர் கிடைத்ததும் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அப்புறா எந்நோயால் இறந்தது என்று சோதித்து அறிய வழியில்லை. பூஞ்சை பிடித்த இரையை வைத்தவன் நான் என்பது மட்டும் உறுதி.

பல பறவைகள் ஒரே தட்டில் உண்ணும் இடத்தில் நோய் எளிதிற் பரவும். பிரிட்டனில் 2005 ஆம் ஆண்டு முதல், 'டிரைக்கோமோனாஸ்' என்னும் ஒட்டுண்ணி கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைநிறச் சிறு பறவைகளைத் தாக்கியது. புறாக்களிடம் இருந்துவரும் இவ்வொட்டுண்ணி, எச்சில் பட்ட இரையாலும் நீராலும் பரவக்கூடியது. ஒருகாலத்தில் தோட்டந்தோறும் காணப்பட்ட அப்பறவை, 2021 இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்பினால் தொங்கவிட்ட பெட்டியும் கழுவாவிட்டால் கேடாகும். ஆகவே ஒப்பிட வேண்டியவற்றுள் முதன்மையானது காமிராவின் கூர்மை அன்று. தட்டை முழுவதும் கழற்றித் தேய்த்துக் கழுவி உலர்த்த முடிகிறதா என்பதே. ஐந்து கேள்விகளுள் இதனை நான் கடைசியில் கேட்டேன். நீங்கள் முதலில் கேளுங்கள்.

பறவை அறிஞர் சலீம் அலியின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்று ஒன்று இருந்தது. பெயர் தெரியாமல் அதனை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நில்லாமல், கழகம் சேர்த்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். சிறுவனுக்கு ஒரு புதிய உலகம் திறந்தது. 1985 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சிட்டின் வீழ்ச்சியையே அவர் தலைப்பாக வைத்தார். பெயர் அவருக்குத் தொடக்கமாக இருந்தது. எனக்கோ அது முடிவாகப் போயிற்று.

அப்படியானால் இக்கருவிகள் வேண்டாவோ? அவ்வாறு சொல்லேன். சில்லை தானியத்தை அலகில் உருட்டி உமியை நீக்கும் நேர்த்தியை, அறுபது வயதுக்குப் பின் அந்தப் படங்களில்தான் கண்டேன். திண்ணையிலிருந்து பார்க்கும் என் கண்ணுக்கு அது எட்டாத காட்சி. என் மகனுக்கும் மாணவருக்கும் எழுதிய விடை இதுவே: நிழலில் வைக்கக்கூடியதும், அறியாததை அறியேன் என்பதும், முழுதும் கழுவக்கூடியதுமான இரண்டாம் பெட்டியே நம் ஊருக்கு ஏற்றது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்க வேண்டும்.

பெட்டி இல்லாத மாணவர்கள் வருந்த வேண்டியதில்லை. கோடையில் ஓர் அகன்ற மண்சட்டியில் ஆழமில்லாமல் நீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றுங்கள். தானியம் தின்னாத பறவைகளும் அங்கே வரும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி 'ஈபேர்ட்' என்னும் தளத்தில் பதிந்தால் போதும்.

எங்கள் முற்றத்தில் இப்போது முதற்பெட்டி இல்லை. இரண்டாம் பெட்டியை வாரம் இருமுறை நானே கழுவுகிறேன். மழை விடாது பெய்யும் நாட்களில் அதனைக் காலியாகவே வைக்கிறேன். கைப்பேசியில் படம் வந்தால், பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, அப்பறவை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கிறேன். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. அவள் தன் மூன்றாம் நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள்.