பிஞ்சு மனம் வாடாதிருக்க...

பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்த நம்மவர்களில் பெரிய உத்தியோகத்தில் இருப்போரும் உண்டு. அன்றாடக் கூலிக்குச் செல்வோரும் உண்டு. காக்கநாடு இன்ஃபோபார்க்கிலும் ஏற்றுமதி வளாகத்திலும் வேலை பார்க்கும் தம்பதியர் ஒருபுறம்; வாத்துருத்தியில் ஒற்றை அறையில் குடியிருந்து கட்டட வேலைக்குப் போகும் தம்பதியர் மறுபுறம். வருமானம் வேறு, வசதி வேறு. ஆனால் இரு வீட்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. குழந்தையைப் பார்த்துக் கொள்ளத் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி என்று யாரும் அருகில் இல்லை.

சின்னஞ்சிறு குழந்தைக்கு என்ன மனக்கவலை என்று நாம் நினைத்து விடுகிறோம். அதற்கும் கவலை உண்டு, சொல்லத்தான் தெரியாது. நின்று போன படுக்கை நனைத்தல் மீண்டும் வரும். நன்றாகப் பேசிய குழந்தை பேச்சைக் குறைத்து விடும். காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்னும். தூக்கத்தில் அலறும். தாயின் சேலையைப் பிடித்துக் கொண்டு விடாது. இவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதட்டியோ அடித்தோ பயனில்லை. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடற்றிருந்த குழந்தைகளின் மனநிலை பற்றி அறிக்கை தருமாறு உலக சுகாதார நிறுவனம் ஜான் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவரைக் கேட்டுக் கொண்டது. 1951-இல் அந்த அறிக்கை வெளியாயிற்று. தாயிடமோ, தாய் ஸ்தானத்தில் உள்ள ஒருவரிடமோ நிலையான அன்பும் நெருக்கமும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். அதற்குப் பெற்றோரைச் சமுதாயம் தாங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இருப்புப்பாதையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது எளிதில் விளங்குகிறது. தண்டவாளத்தைத் தாங்குவது ஸ்லீப்பர். ஸ்லீப்பரைத் தாங்குவது ஜல்லி. ஜல்லி சரிந்த இடத்தில் தண்டவாளத்தை மட்டும் மாற்றினால் என்ன பயன்? கடனும் குடியும் சண்டையும் உள்ள வீட்டில் குழந்தைக்கு மட்டும் வைத்தியம் செய்வதும் அப்படித்தான்.

தாங்குவதற்குச் சில ஏற்பாடுகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அவற்றில் முதன்மையானவை. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அங்கே உணவு, விளையாட்டு, முன்பருவக் கல்வி எல்லாம் இலவசம். "ஊரில் அல்லவா பெயர் பதிந்திருக்கிறோம்?" என்று தயங்க வேண்டியதில்லை. 2021-இல் வந்த போஷன் டிராக்கர் கணினி முறையில் அந்தப் பதிவை இங்கு மாற்றிக் கொள்ளலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்பது 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதி. நம் பெண்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்?

அங்கன்வாடியில் மலையாளம் மட்டும் கேட்கும் நம் குழந்தை முதல் சில வாரங்கள் வாய் திறக்காதிருக்கலாம். அது மந்தமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. புதிய மொழியைச் செவியில் வாங்கும் காலம். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தி விடாதீர்கள். 2017-இல் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியின் துணை கொண்டே மலையாளம் கற்பித்தார்கள். தன் மொழியில் ஒருவர் பேசுகிறார் என்றதும் குழந்தைக்குப் பயம் தெளிகிறது.

அழும் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்து விடுவது இப்போது வழக்கமாகி விட்டது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. எவ்வளவு களைப்பாக வந்தாலும் இரவில் கால் மணி நேரம் குழந்தையோடு பேசுங்கள். அது ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

பிள்ளை பெற்ற தாய் வாரக்கணக்கில் அழுதுகொண்டோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்தால் "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. அதுவும் ஒரு நோய், குணமாகக் கூடியது. 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். துன்புறும் குழந்தைக்கு உதவ 1098 என்ற எண் இருக்கிறது. இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நம் சங்கம் என்ன செய்யலாம்? பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் வேண்டியவைதான். அவற்றோடு, ஓய்வு பெற்ற நம் போன்றோர் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் தாத்தா பாட்டியாக இருக்கலாமே! புதிதாகக் குடிவந்த குடும்பத்தை இரண்டு பேராகச் சென்று விசாரித்து, அருகிலுள்ள அங்கன்வாடியைக் காட்டி விடலாமே! குடியில் விழுந்தவரை ஏசாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாமே!

உறவை ஊரில் விட்டு வந்த குழந்தைக்கு இங்கே நாம்தான் உறவு. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்று அங்கத்தினர்களை அன்புடன் கேட்டுக் கொள்கிறேன்.