நட்சத்திரம் பார்த்துப் பறக்கும் அந்துப்பூச்சி

ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையின் உச்சிக் குகைகளில் டிசம்பர் மாதம் டார்ச் அடித்துப் பார்த்தால் பாறையே கண்ணில் படாது. ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழுப்பு அந்துப்பூச்சிகள் அப்பிக் கிடக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 17,000! அங்கே டிசம்பர்தான் கோடை. சமவெளியின் வெயிலுக்குத் தப்பி மலையேறி வந்த போகோங் அந்துப்பூச்சிகள் இவை.

பிறந்த ஊர் வேறு. தெற்கு குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், மேற்கு விக்டோரியா பகுதிகளின் புல்வெளிகளில் குளிர்காலம் முழுக்கப் புழுவாக வளரும். பகலில் மண்ணுக்குள் பதுங்கி, இரவில் வெளியே வந்து இளம்பயிரின் தண்டைக் கத்தரிக்கும். நம் விவசாயிகள் திட்டித் தீர்க்கும் வெட்டுப்புழுவுக்குப் பங்காளி. இரண்டும் அக்ரோடிஸ் பேரினம்தான். வசந்தத்தில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்ததும் பயணம் தொடங்கிவிடும். இரவு இரவாகப் பறந்து, சில பூச்சிகள் 1,000 கிலோமீட்டர் வரை கடக்கின்றன.

வழிகாட்ட யாருமில்லை. போன ஆண்டு மலைக்குப் போய் வந்த தாய், முட்டையிட்டதோடு இறந்துவிட்டது. பிறகு எப்படித் திசை தெரிகிறது? ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரண்ட் குழு இதைத் துருவியது. பூமியின் காந்தப்புலத்தை இவை உணர்கின்றன என்று 2018-இல் காட்டியது. 2025-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. காந்தப்புலத்தை நீக்கிவிட்டு, செயற்கை இரவு வானத்தைக் காட்டினார்கள். பூச்சிகள் சரியான திசையிலேயே பறந்தன. வானத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவையும் திரும்பின. நட்சத்திரங்களை இடம் மாற்றிச் சிதறவிட்டதும் குழம்பிப்போயின. இத்தனூண்டு மூளைக்குள் இரண்டு திசைகாட்டிகள்!

குகையில் சாப்பாடு கிடையாது, இணைசேர்வதும் இல்லை. சேர்த்து வைத்த கொழுப்பில் மாதக்கணக்கில் உறங்கி, இலையுதிர் காலத்தில் சமவெளிக்குத் திரும்பும். அந்தக் கொழுப்புக்காகவே பூர்வகுடிகள் இவற்றைச் சுட்டுத் தின்றார்கள். விக்டோரியாவின் கிளாக்ஸ் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய அரைகல்லில் அந்துப்பூச்சியின் எச்சம் இருக்கிறது. பனிக்கடியில் உறங்கி எழும் மலைக் குட்டிப் பாஸம் என்ற எலியளவுப் பிராணிக்கும் வசந்தத்தில் இதுதான் விருந்து.

2017-இல் தொடங்கிய வறட்சி புழுக்களின் மேய்ச்சலைக் காயவைத்தது. குகைகள் காலியாகக் கிடந்தன. இரையின்றித் தாய்ப் பாஸம்களின் பைக்குள்ளேயே குட்டிகள் செத்தன. 2021-இல் போகோங், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. நகரத்து விளக்குகள் இன்னொரு தொல்லை. கான்பரா நாடாளுமன்றக் கட்டடத்தின் வெளிச்சத்தில் மயங்கி அங்கேயே சுற்றிய கூட்டங்கள் உண்டு. அதனால், இவை வலசை போகும் வசந்த மாதங்களில் தேவையில்லாத விளக்குகளை அணைத்து வைக்கும்படி விக்டோரிய உயிரியல் பூங்காக்கள் மக்களைக் கேட்டுவருகின்றன.