சீதனமாகச் சென்ற இராச்சியங்கள்

ஐரோப்பிய வரலாறு பயிலும் நம் மாணாக்கர் அரசர் பெயர்களை நிரல்படக் கூறுவர். போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் பிழையற எழுதுவர். அரசியரைப் பற்றி வினவினாலோ, இன்னாரை இன்னார் மணந்தார் என்ற அளவில் விடை முடிந்துவிடும். பாடநூல்களும் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய நாடுகளின் எல்லைகள் போர்க்களத்தில் மாறியதற்குச் சற்றும் குறையாமல் திருமண மேடையிலும் மாறின. அங்ஙனம் மாறியபோது, உரிமை எவள்வழி வந்ததோ அவள் பெற்றது யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தார் அயல்நாட்டுச் சட்டநூல்களைத் தேடவேண்டுவதில்லை. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையே போதும். மகளுக்குக் கொடுத்த சீதனம் மகளுடையது. கணவனுடைய முதுசொத்தோடு அது கலப்பதில்லை. ஆனால் அச்சீதனக் காணியை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ விரும்பின், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் விதித்தது. உறுதியில் பெயர் அவளுடையது. கையொப்பமிடாது தடுக்கும் வல்லமை அவனுடையது. காணிக்குப் பதிலாக ஓர் இராச்சியத்தை வைத்துப் பார்த்தால், ஐரோப்பிய அரசியர் பலரின் வாழ்க்கை நமக்கு எளிதில் புலனாகும்.

போர்த்துக்கல் நாட்டை ஆண்ட கர்தினால் என்றி 1580 சனவரியில் மக்கட்பேறின்றி இறந்தான். அரியணைக்கு உரிமை கோரியோர் பலர். அவருள் இருவரை மட்டும் நோக்குவாம். இருவரும் மனுவேல் மன்னனின் பேரப்பிள்ளைகள். பிறகன்சாக் கோமகள் கதரினா, மனுவேலின் மகன் துவார்த்தேயின் மகள். இசுபானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு, மனுவேலின் மகள் இசபெல்லாளின் மகன். ஆண்வழி வந்தவள் பெண். பெண்வழி வந்தவன் ஆண். வழக்கு நெடிது பேசப்பட்டது. ஆனால் படை பிலிப்பிடம் இருந்தது. 1539இலேயே இறந்துபட்ட தன் தாயின் உரிமையைக் காட்டி அவன் முடி சூடினான். உயிரோடிருந்த கதரினா பெண்ணென்று ஒதுக்கப்பட்டாள். இறந்த இசபெல்லாள் பெண்ணென்று எவரும் ஒதுக்கவில்லை. பிலிப்பின் தந்தைவழிப் பாட்டி யுவானாளின் கதையும் இத்தகையதே. காசுத்தீல் நாட்டு முடிக்குரியவள் அவள். 1509 முதல் 1555இல் இறக்குமட்டும் தொர்தேசில்லாசு என்னும் ஊரில் அடைபட்டுக் கிடந்தாள். அவள் பெயரால் முதலில் தந்தையும் பின்னர் மகனும் ஆண்டனர். சித்தம் கலங்கியவள் என்று அவளைக் கூறினர். கூறியோர் அவளது நாட்டை ஆண்டவர் என்பதை மறத்தலாகாது.

1580க்குப் பின் 1640 வரை போர்த்துக்கேயர் இலங்கைக் கரையோரத்தை ஆண்டது இசுபானிய மன்னர் பெயராலேயே ஆம். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது நம் முன்னோர் பணிந்ததும் அம்மரபின் முடிக்கே. அதே 1580இல், கோட்டை அரசன் தர்மபாலன் தனக்குப்பின் தன் நாடு போர்த்துக்கல் மன்னனைச் சேருமெனச் சாசனம் எழுதிக் கொடுத்தான். கோட்டைக்குச் சாசனம் கிடைத்தது. மலைநாட்டுக்கு அத்தகைய சாசனம் இல்லை. ஆனால் போர்த்துக்கேயர் கையில் ஒரு சிறுமி இருந்தாள்.

அவளே குசுமாசன தேவி. கண்டியை ஆண்ட கரலியத்தே பண்டாரனின் மகள். 1582 அளவில் சீதாவாக்கை இராசசிங்கன் கண்டிமீது படையெடுத்தபோது, தந்தை குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் ஓடிச்சென்று வைசூரியால் மாண்டான். எஞ்சிய குழந்தை போர்த்துக்கேயரின் காவலுக்குள்ளாகி மன்னாரில் வளர்ந்தாள். 1560 வரை யாழ்ப்பாண அரசுக்கு உட்பட்டிருந்த அம்மன்னாரிலே, பறங்கியர் கோட்டையின் நிழலில் சிங்கள அரசகுமாரி ஒருத்தி ஞானத்தீட்சை பெற்றுத் தோன கதரினா ஆனாள்.

இவ்விடத்தில் இசுக்கொத்துலாந்து அரசி மேரியை நினையாதிருத்தல் இயலாது. 1542 திசம்பரில் பிறந்த ஆறாம் நாளே தந்தையை இழந்து அரசியானவள் அவள். அவளைத் தன் மகனுக்கு மணமுடிக்க விரும்பிய இங்கிலாந்து மன்னன் எட்டாம் என்றி, மணப்பேச்சுக்குப் படையையே தூதாக அனுப்பினான். ஐந்து வயதில் அவள் கடல் கடந்து பிரான்சு சேர்ந்தாள். அந்நாட்டு மொழியும் அரண்மனை வழக்கமும் கற்றுப் பதினெட்டாம் வயதில் ஏறக்குறைய அந்நியளாகத் தன் நாடு மீண்டாள். மும்முறை மணந்து, 1587இல் இங்கிலாந்தில் கொலைத்தண்டனை பெற்று மாண்டாள். அந்நாளில் மன்னாரிலிருந்த சிறுமிக்கு மேரியின் பெயர்தானும் தெரிந்திருக்குமோ என்பது ஐயமே. மேரி எழுதிய கடிதங்கள் ஏராளமாக எஞ்சியுள்ளன. தோன கதரினாவையோ நாம் பிறர் எழுத்தின் வாயிலாகவே அறிகின்றோம்.

1594இல் பேதுரு லோப்பசு டி சூசா என்னும் தளபதி பெரும்படையோடு கண்டி புகுந்தான். உடன் கொண்டுசென்ற தோன கதரினாவை அரசியாக முடிசூட்டினான். தங்கள் அரசனின் மகள் திரும்பி வந்தாள் என்று மலைநாட்டார் முதலில் ஏற்றுக்கொண்டனர். ஆனால் அரசியைச் சூழப் பறங்கிக் காவலரே நின்றனர். பறங்கியன் ஒருவனுக்கே அவளை மணமுடித்துவிடுவர் என்ற அச்சமும் பரவியது. மணமகன் பறங்கியனானால் நாடும் பறங்கியனுடையதாகும் என்பதை உணர மலைநாட்டார்க்குச் சட்டவறிவு வேண்டியிருக்கவில்லை. சுதேசப் படைஞர் விலகிச் சென்றனர். ஒக்டோபர் மாதத்தில் தந்துறை என்னுமிடத்தில் போர்த்துக்கேயப் படை முற்றாக அழிந்தது, தளபதியும் மாண்டான். வென்றவன் கொனப்பு பண்டாரன். அவனும் ஒருகாலத்தில் போர்த்துக்கேயரிடம் ஞானத்தீட்சை பெற்றவனே. 1571இல் லெப்பாந்தோக் கடற்போரில் துருக்கியரை வென்ற வீரனின் பெயரால் அவனுக்கு 'ஆசுத்திரியாவின் தொன் யுவான்' என்று பெயரிட்டிருந்தனர்.

அவன் அரசியைச் சிறைப்பிடித்தான்; மணந்தான்; விமலதர்மசூரியன் என்னும் பெயரோடு அரசனானான். வாளால் வென்ற நாட்டை ஆள வாள் போதாமை கருதத்தக்கது. அவன் புத்தரின் தந்ததாதுவைக் கண்டிக்குக் கொண்டுவந்து கோயில் அமைத்தான். ஆளும் உரிமைக்குத் தந்ததாது ஒரு சான்று. தோன கதரினா மற்றொரு சான்று. இரண்டையும் பாதுகாப்பான இடத்தில் வைத்தான் என்று கூறின் மிகையாகாது. பறங்கியர் அவளைக் கொண்டு செய்ய நினைத்ததையே இவனும் செய்து முடித்தான். மணமகளின் விருப்பத்தை எத்தரப்பு வரலாறும் பதிந்து வைக்கவில்லை.

1602இல் கண்டி வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கனுக்கு அரசன் தன் தேவியையும் மக்களையும் அறிமுகம் செய்தான். அவர்கள் ஐரோப்பிய முறையில் உடுத்திருந்தனர் என்று அப்பயணக் குறிப்புக் கூறும். மன்னார் நாட்கள் அவள் உடையில் எஞ்சியிருந்தன போலும். ஒல்லாந்தர் தன் நாட்டில் கோட்டை கட்ட விரும்பின், தானும் தன் தேவியும் பிள்ளைகளுமே கல்லும் சுண்ணாம்பும் சுமப்போம் என்று அரசன் உரைத்ததாகவும் அக்குறிப்பிற் காணலாம். அடுத்த ஆண்டு மட்டக்களப்பில் வேறொரு ஒல்லாந்தத் தளபதியான டி வேர்ட், மது மயக்கத்தில் அரசியின் கற்பை இகழ்ந்து பேசினான். சினங்கொண்ட அரசன் ஆணையிட, அவனும் அவனோடு வந்தோர் பலரும் வெட்டுண்டனர். ஒல்லாந்தரோடு கொண்ட உறவு சிலகாலம் முறிந்து போயிற்று.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தான். துறவறத்திலிருந்து நீங்கி வந்த அவன் உறவினன் செனரதன் கைம்பெண்ணான அரசியை மணந்து அரசனானான். மீண்டும் அதே வழி. முதற்கணவனுக்குப் பிறந்த மகன் 1612இல் இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற பேச்சும் எழுந்தது. மறு ஆண்டு அவளும் இறந்தாள். இச்செய்திகளிற் பலவற்றை எழுதி வைத்தவர் பல்தேயுப் பாதிரியார். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1672இல் தம் பெருநூலை அச்சிட்ட அவர், நம் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தையும் அந்நூலிற் படமாகத் தந்துள்ளார். கத்தோலிக்கத்தைப் பகைத்த ஒல்லாந்த மதகுரு ஒருவர், கத்தோலிக்கத் தீட்சை பெற்றுப் பௌத்த அரசர் இருவரை மணந்த பெண்ணைப் பற்றி எழுதியது அது. அந்த எச்சரிக்கையோடே அதனைப் படித்தல் வேண்டும்.

கண்டியில் இவ்வழக்கம் இவளோடு ஒழிந்ததன்று. பிற்காலத்து அரசர் மதுரையிலிருந்து தேவியரைக் கொணர்ந்தனர். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகனின்றி இறந்தபோது, அவன் மதுரைத் தேவியின் உடன்பிறந்தான் அரசனானான். 1747இல் கீர்த்தி சிறீ இராசசிங்கன் பட்டம் பெற்றதும் தமக்கையின் மணவழியே. 1815 வரை ஆண்ட நாயக்கர் மரபு இவ்வாறு பெண்வழி நுழைந்ததே. அத்தேவியரின் பெயரை நம்முள் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

இனி, 1580இல் ஒதுக்கப்பட்ட பிறகன்சாக் கோமகளிடம் மீள்வோம். அவளுடைய பேரனே 1640இல் இசுபானிய ஆட்சியை உதறிப் போர்த்துக்கல் அரசனான நாலாம் யுவான். பாட்டிக்கு மறுக்கப்பட்ட உரிமை பேரனுக்குச் செல்லுபடியாயிற்று. அவன் மகளுக்கும் கதரினா என்றே பெயர். அவளை இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்சுக்குக் கொடுக்க 1661இல் எழுதிய உடன்படிக்கையில் பம்பாயும் தஞ்சீரும் சீதனமாயின. இலங்கை மீளக் கைக்கெட்டின் காலித் துறைமுகம் ஆங்கிலேயரைச் சேரும் என்றும் அதில் எழுதினர். காலி 1640 முதலும், யாழ்ப்பாணம் 1658 முதலும் ஒல்லாந்தர் வசமிருந்தன. கையில் இல்லாத காணியைச் சீதன உறுதியில் எழுதும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! பம்பாயை மன்னன் 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விட்டான். அரசியைக் கேட்டு விட்டதாகத் தெரியவில்லை.

அவள் 1662இல் இங்கிலாந்து சென்றாள். மொழி புதிது, சமயம் வேறு, கணவனின் காதற்கிழத்தி ஒருத்தியைத் தன் அந்தப்புரப் பணிப்பெண்ணாக ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டாள். மக்கட்பேறும் இல்லை. மணவிலக்குச் செய்யுமாறு பலர் தூண்டியும் மன்னன் இசையவில்லை என்பது அவனுக்குச் சார்பாகச் சொல்லத்தக்கது. 1685இல் கைம்பெண்ணாகி, 1693இல் தாய்நாடு மீண்டாள். 1704இலும் 1705இலும் தம்பி பேதுரு மன்னன் நோயுற்றபோது நாட்டை ஆளும் பொறுப்பு அவளிடம் வந்தது. அப்போது இசுபானியாவோடு போர் நடந்துகொண்டிருந்தது. அவள் ஆட்சியில் போர்த்துக்கேயப் படைகள் இசுபானிய எல்லைக் கோட்டைகள் சிலவற்றைக் கைப்பற்றின. வயது அறுபத்தாறைக் கடந்திருந்தது. கணவன் இல்லை, அவள்வழி நாடு பெற மகனும் இல்லை. ஆணைகளில் அவளே கையொப்பமிட்டாள். 1705 திசம்பர் 31இல் இலிசுபன் நகரில் இறந்தாள்.