பேசும் மவுஸ், கேட்காத லேப்டாப்

பழைய கணினியில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வயர்லெஸ் மவுஸ், புது லேப்டாப்புக்கு மாறியதும் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. அம்புக்குறி திரையில் அப்படியே உறைகிறது. மவுஸைத் தட்டினால், ஆட்டினால், சில நொடிகளில் உயிர் வருகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கிறது. மவுஸுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்கி வருகிறோம். அதுவும் அதே போல நிற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இப்படி நிற்கும்போது பல நேரங்களில் மவுஸ் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். அது அனுப்பும் செய்திதான் லேப்டாப்பின் காதில் விழுவதில்லை. ஏன் விழவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை. கேட்கும் இடத்தில் இரைச்சல் அதிகமாக இருக்கலாம். கேட்க வேண்டிய பகுதி தூங்கிப்போயிருக்கலாம். பேசுகிற மவுஸுக்குத் தெம்பு போதாமல் இருக்கலாம். முதல் இரண்டும் புது லேப்டாப்பை நாம் எதற்காக விரும்பி வாங்கினோமோ அந்தக் குணங்களிலிருந்தே, அதாவது அதன் வேகத்திலிருந்தும் மின்சிக்கனத்திலிருந்தும் பிறக்கின்றன. மூன்றில் எது காரணம் என்பதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மவுஸ் எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

கிளிக் வேலை செய்கிறதா?

முதலில் ஒரு சின்னச் சோதனை. அம்புக்குறி உறைந்திருக்கும் அதே நேரத்தில் மவுஸின் பட்டனை அழுத்துங்கள், சக்கரத்தை உருட்டுங்கள். கிளிக் விழுகிறது, பக்கம் மேலும் கீழும் நகர்கிறது என்றால் ரேடியோ இணைப்பு நன்றாகவே இருக்கிறது. கோளாறு மவுஸின் அடிப்பக்கத்தில். அங்கே சிறு ஒளிவிளக்கு ஒன்றும், மிக நுண்ணிய கேமரா போன்ற சென்சார் ஒன்றும் உள்ளன. அந்தச் சென்சார் மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் கல்லிலும் ஒப்பிடுவதற்கான அடையாளங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுப் பாருங்கள். அம்புக்குறி நகர்ந்தால் வேலை முடிந்தது.

கிளிக்கும் விழவில்லை, சக்கரமும் வேலை செய்யவில்லை என்றால் ரேடியோ பக்கம் போக வேண்டும்.

எல்லோரும் கூடும் அலைவரிசை

வயர்லெஸ் மவுஸ்களில் இரண்டு வகை பரவலாக உள்ளன. ஒன்று, நகத்தின் அளவுள்ள ரிசீவரை யூஎஸ்பி துளையில் செருகிப் பயன்படுத்துவது. மற்றொன்று, லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் புளூடூத்துடன் நேரடியாகச் சேர்வது. இரண்டுமே பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் பேசுகின்றன. சாதாரண அலுவலக மவுஸ் அசையும்போது, அசைவின் கணக்கை நொடிக்குச் சுமார் 125 முறை சிறு சிறு செய்திகளாக அனுப்புகிறது. ஒரே பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால் அதன் ரேடியோ மிகவும் மெலிந்தது. ஏறக்குறைய 1 மில்லிவாட் அளவிலான ஆற்றலில் பேசும். வீட்டு வைஃபை ரூட்டர் 100 மில்லிவாட் வரை கூடப் போகும்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குச் சுவையான வரலாறு உண்டு. 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. பேசுவதற்காக அல்ல, சூடாக்குவது போன்ற வேலைகளுக்காக. இன்று மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது அதனால்தான். 1985-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், இந்த இடங்களில் உரிமம் இல்லாமலே குறைந்த ஆற்றலில் தகவல் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2005 ஜனவரியில் வந்த அறிவிப்பு, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. வைஃபையும் புளூடூத்தும் நம் வீடுகளுக்குள் தடையின்றி நுழைந்ததற்கு இந்த விலக்கு பெரிய காரணம்.

உரிமம் வேண்டாத இடத்தில் கூட்டம் சேராமல் இருக்குமா? மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபை சேனலே 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்று படியாமல் மூன்று வைஃபை சேனல்களை வைத்தாலே ஏறத்தாழ இடம் தீர்ந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை வைஃபை பெயர்கள் போன் திரையில் வருகின்றன என்று பார்த்தால் நெரிசல் புரியும்.

இந்த நெரிசலைச் சமாளிக்க மவுஸ் கையாளும் உத்தி தாவல். ஒரே இடத்தில் நின்று பேசாமல், அலைவரிசை விட்டு அலைவரிசை மாறிக்கொண்டே இருப்பது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-ல் இப்படி ஒரு திட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். டார்பிடோவை வழிநடத்தும் ரேடியோ சமிக்ஞையை எதிரி மறிக்காமல் இருக்க, பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளுக்கிடையே அது தாவ வேண்டும் என்பது அவர்கள் யோசனை. தொடக்ககாலப் புளூடூத் இதே கொள்கையில் 79 சேனல்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவியது. 2003-ல் வந்த அதன் பதிப்பு, நெரிசலான சேனல்களை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடவும் கற்றுக்கொண்டது. மவுஸ்களில் இப்போது பரவலாகும் குறைமின் புளூடூத் 40 சேனல்களைப் பயன்படுத்துகிறது.

ஒரு செய்தி தவறினால் மவுஸ் அதைத் திரும்ப அனுப்பும். நமக்குத் தெரியக்கூட தெரியாது. தொடர்ந்து பல செய்திகள் தவறினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகும். முன்பே ஒப்புக்கொண்ட ஒரு காலக்கெடுவுக்குள் ஒரு செய்திகூட வந்து சேரவில்லை என்றால், புளூடூத் அந்த இணைப்பையே முறித்துவிடும். அதைத்தான் நாம் ‘டிஸ்கனெக்ட்’ என்கிறோம். ஆகவே தத்துவதும் துண்டிப்பதும் பல நேரங்களில் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள்.

பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்கும்போதோ வீடியோ பார்க்கும்போதோ மட்டும் புளூடூத் மவுஸ் தத்தினால், சந்தேகம் வைஃபை மேல் விழ வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் உள்ளன. பலவற்றில் ஆன்டெனாவும் பொது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் லேப்டாப்பை அதில் இணைத்துவிடுங்கள். மவுஸுக்கு வழி கிடைத்துவிடும்.

வேகமான துளையின் இரைச்சல்

ரிசீவர் வகை மவுஸ்களைப் பொறுத்தவரை, பலரும் சந்தேகிக்காத குற்றவாளி ஒன்று ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது யூஎஸ்பி 3.0.

2008-ல் அறிவிக்கப்பட்ட இந்தத் தரம் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்துகிறது. அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் மின்துடிப்புகளின் ஆற்றல் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதன் நட்ட நடுவில் வருகிறது. கம்பியும் செருகியும் முழுமையாக மூடப்படாவிட்டால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி ரேடியோ இரைச்சலாக வெளியே கசியும்.

யூஎஸ்பி உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஆய்வறிக்கையாக வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்தபோது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பின்னணி இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் உயர்ந்தது. ஆற்றல் கணக்கில் அது 100 மடங்கு. கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ரகசியம் பேசுவது போன்ற நிலைமை. பேசுகிறவர் குரலில் ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்திருக்கும் இடம்தான் தவறு.

புது லேப்டாப்பில் இது ஏன் அதிகம் தெரிகிறது? மெலிந்த உடலில் யூஎஸ்பி துளைகள் குறைந்துவிட்டன. இருப்பவையும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன, பெரும்பாலும் வேகமானவை. துளை போதாமல் நாம் ஒரு ஹப் வாங்குகிறோம். அதில் மவுஸ் ரிசீவரையும் ஹார்ட் டிஸ்க்கையும் அருகருகே செருகி, டிவிக்குப் போகும் கேபிளையும் மாட்டிவிடுகிறோம். பழைய கணினியில் ரிசீவர் இருந்தது யூஎஸ்பி 2.0 துளையாக இருந்திருக்கலாம். அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான். அதன் ஆற்றலின் பெரும்பங்கு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழேயே அடங்கிவிடும்.

தீர்வு எளிமையானது, செலவும் குறைவு. ஹார்ட் டிஸ்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ரிசீவரைச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதையே மவுஸுக்குக் கொடுங்கள். வேகமான துளைகளின் உட்புறம் பல கணினிகளில் நீல நிறமாக இருக்கும், ஆனால் எல்லாத் தயாரிப்புகளும் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. லேப்டாப்பின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். இடமே இல்லை என்றால் ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பி வாங்கி, ரிசீவரை மவுஸுக்கு அருகே மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். இரைச்சலிலிருந்து விலகுவதும் மவுஸை நெருங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரேடியோவில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். கம்பி அந்த விகிதத்தை இரு பக்கமும் திருத்துகிறது.

தூங்கிவிடும் லேப்டாப்

இனி இரண்டாவது காரணம். படித்துக்கொண்டிருக்கிறீர்கள், சில நிமிடங்கள் மவுஸைத் தொடவில்லை. மறுபடி தொடும்போது அது செத்துக் கிடக்கிறது. இப்படி, சும்மா இருந்த பிறகு மட்டும் நிற்கிறது என்றால் இரைச்சலைத் தேட வேண்டாம். மின்சிக்கனத்தைப் பாருங்கள்.

பேட்டரியை நீண்ட நேரம் ஓட்டுவதற்காக, பயன்பாட்டில் இல்லாத யூஎஸ்பி கருவிகளையும் புளூடூத்தையும் லேப்டாப் உறங்க வைக்கிறது. தொட்டதும் அவை விழித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் மென்பொருளில் குறை இருந்தால் விழிப்பு தாமதமாகும், அல்லது நடக்கவே நடக்காது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ரிசீவர் வகையானால் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’, மற்றதானால் புளூடூத் அடாப்டர் ஆகியவற்றின் பண்புகளில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்துக்குப் போங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினியை அனுமதிக்கும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் இந்தப் பக்கம் தெரியாது. அப்போது பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ இருக்கிறதா என்று பார்த்து அதை நிறுத்தலாம். லேப்டாப் பேட்டரி நேரம் சற்றுக் குறையும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புளூடூத் மவுஸானால் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. லேப்டாப் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்கான புளூடூத் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு பட்டியலிலிருந்து மவுஸை நீக்கி, புதிதாகச் சேர்க்க வேண்டும். சேரும்போது இரு கருவிகளும் ரகசியக் குறியீடுகளைப் பரிமாறிக்கொள்கின்றன; அந்தப் பதிவு பழுதாகியிருந்தால் மறு இணைப்பு ஒவ்வொரு முறையும் இடறும்.

மவுஸும் தூங்கும் என்பதை மறக்க வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் அசைவுக்கு அது ஒரு நொடி தயங்கினால் அது கோளாறு அல்ல, அதன் இயல்பு.

தெம்பில்லாத பேட்டரி

லேப்டாப்பிலிருந்து விலகினால் நிற்கிறது, நெருங்கினால் ஓடுகிறது என்றால் மூன்றாவது காரணத்தைச் சந்தேகியுங்கள். ரேடியோ செய்தி அனுப்பும் ஒவ்வொரு கணமும் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்கிறது. அப்போது தளர்ந்த செல்லின் மின்னழுத்தம் சரியும்; மவுஸின் சில்லு நின்று மறுபடி தொடங்கும். சுவர்க் கடிகாரத்தை ஓட்டும் மலிவான துத்தநாக-கார்பன் செல்லுக்கு உள்தடை அதிகம் என்பதால், அது மவுஸில் இந்தச் சிக்கலைச் சீக்கிரமே காட்டும். புதிய அல்கலைன் செல் 1.5 வோல்ட் தரும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும் என்றாலும் மின்னோட்டத்தைத் தளராமல் கொடுக்கும். செல் தொடும் உலோக முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இத்தனையையும் ஒரே மாலையில் செய்தால் மவுஸ் சரியாகலாம், ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வகத்தில் செய்வதையே இங்கேயும் செய்யலாம்: ஒன்றை மட்டும் மாற்றி, வழக்கமான வேலையைச் செய்து, விளைவைக் குறித்துக்கொண்டு, பிறகு அடுத்தது. முதல் மாற்றம் புது செல். இரண்டாவது, ஹார்ட் டிஸ்க், ஹப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மவுஸை மட்டும் இணைப்பது. மூன்றாவது, வைஃபையைச் சற்று நேரம் நிறுத்திப் பார்ப்பது. நான்காவது, மின்சிக்கன அமைப்பு. இடையில், அதே மவுஸை வேறொரு கணினியிலும், வேறொரு மவுஸை இதே லேப்டாப்பிலும் ஓட்டிப் பாருங்கள். பழுது எந்தப் பக்கம் என்பதை இந்தக் குறுக்குச் சோதனை அளவுக்குத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

எல்லாம் செய்தும் எந்தப் புளூடூத் மவுஸை இணைத்தாலும் இந்த லேப்டாப்பில் மட்டும் துண்டிக்கிறது என்றால், அதன் வயர்லெஸ் அட்டையோ ஆன்டெனா இணைப்போ பழுதாக இருக்க வாய்ப்புண்டு. உத்தரவாதக் காலம் முடியும் முன் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம் அது. “மவுஸ் அடிக்கடி கட் ஆகுது” என்று மட்டும் சொன்னால் ஒரு ரீஸ்டார்ட்டோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். எந்த நேரத்தில் நிற்கிறது, எவற்றை மாற்றியும் மாறவில்லை, வேறு கணினியில் எப்படி இருந்தது என்ற குறிப்புகளை மேசைமேல் வைத்தால் பழுதுபார்ப்பவரும் அங்கிருந்தே தேடலைத் தொடங்கலாம். பழுதைச் சரியாக விவரிக்கத் தெரிந்தவருக்கு, நல்ல மவுஸைக் குப்பையில் போட வேண்டிய அவசியம் வருவதில்லை.