கை தளர்ந்தாலும் வண்டி ஓடும்

மருந்து, உறக்கம், நடை ஆகியவற்றைக் கேட்டறிந்த பின், புறநோயாளர் பிரிவில் நாங்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "வீட்டில் பொழுது எப்படிப் போகிறது?" ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்திருந்த ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி சொன்னார்: "மருந்து சாப்பிடுகிறார், பயிற்சியும் செய்கிறார், டாக்டர். மற்ற நேரமெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகவும் எனக்கு மனம் வரவில்லை."

மூன்று மாதம் கழித்து வந்தபோது அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. மகன் வாங்கித் தந்திருந்த மாதிரி ரயிலுக்கு, இடக்கையால் அவரே எழுதிய கால அட்டவணை அது. அவருடைய இசைவுடன் இதை எழுதுகிறோம். அந்த நோட்டைப் பார்த்த பிறகே இப்பொழுதுபோக்கைப் பற்றி நாங்கள் அறிந்துகொள்ள முற்பட்டோம். அதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்றால், அது ஒரே வேலை அன்று என்பதே. அளப்பது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது, மின்னிணைப்புத் தருவது, வண்டி ஓட்டுவது, கணக்கு எழுதுவது எனப் பல வேலைகள் அதில் அடங்கியிருக்கின்றன. உடல் ஒன்றை மறுத்தால் மற்றொன்று எஞ்சி நிற்கிறது.

கண்ணுக்கும் இடத்திற்கும் ஏற்ற அளவு

மாதிரி ரயில்கள் மனம்போன அளவில் செய்யப்படுபவை அல்ல. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களை வரையறுத்து அறிமுகப்படுத்தியது முதல், அளவு என்பது இத்துறையின் அடிப்படையாயிற்று. இன்று உலகில் பெரிதும் பரவியுள்ள எச்ஓ அளவில் ஒவ்வொன்றும் உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. 170 செ.மீ. உயரமுள்ள மனிதர் அதில் 2 செ.மீ. கூட இருக்கமாட்டார். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் உருவான, 21 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள பயணிகள் பெட்டி, மேசைமேல் சுமார் 24.5 செ.மீ. ஆகிவிடும்.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு 160இல் ஒரு பங்கான என் அளவு பொருந்தும். இரண்டடி அகலப் பலகையிலேயே அதற்கு ஒரு முழு வட்டப்பாதை அமைத்துவிடலாம். 220இல் ஒரு பங்கான இசட் அளவில் ஒரு பெட்டிக்குள்ளேயே ஊரை அடக்குவோர் உண்டு. ஆயினும் பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் எச்ஓ அல்லது அதனினும் பெரிய ஓ அளவையே நாங்கள் பரிந்துரைப்போம். பெட்டியின் சக்கரங்களைத் தண்டவாளத்தில் சரியாக ஏற்றுவது நடுங்கும் விரல்களுக்குக் கடினம். அதற்கெனச் சரிவான ஏற்றுத்துண்டு ஒன்று கிடைக்கிறது. அதன்மேல் வைத்துத் தள்ளினால் சக்கரங்கள் தாமே பொருந்திக்கொள்ளும்.

அடுப்படியிலிருந்து ஒரு மலைச்சாரல்

பலர் வண்டியைவிட அதைச் சுற்றியுள்ள நிலத்தையே விரும்புகின்றனர். இதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. தேநீர் வடித்த தூளை நன்கு உலர்த்திச் சலித்தால் செம்மண் தரை கிடைக்கும். பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புல்லாகும். தேங்காய் நார் மரமாகும். தண்டவாளத்தின் இடையே நுண்ணிய ஜல்லியைப் பரப்பி, வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது இறுகிவிடும். ஊசியில்லாத புதிய சிரிஞ்சு ஒன்று இதற்கு மிகவும் ஏற்றது. அதை அழுத்திப் பிடித்து மெல்ல விடுவது தளர்ந்த கைக்கும் ஒரு வேலை.

நாங்கள் குறிப்பிட்ட அன்பருடைய மனைவிக்கு ரயிலில் நாட்டமில்லை. ஆனால் நிலையத்தின் பின்புறம் இருக்கும் தென்னைகள் அனைத்தும் அவர் செய்தவை. "அவருக்குத் துணையாக உட்கார்ந்தேன், எனக்கும் கை நிற்கவில்லை" என்றார்.

புதியதைப் பழையதாக்கும் கலை

கடையில் வாங்கிய இன்ஜின் பளபளவென்றிருக்கும். உண்மை இன்ஜின் அப்படி இருப்பதில்லை. துரு, கரி, எண்ணெய்க் கசிவு, மழை வழிந்த தடம் ஆகியவற்றை வண்ணத்தால் கொண்டுவருவது தனிக்கலை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் இதில் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். தம் வீட்டில் அவர் பல்லாண்டுகள் உழைத்துக் கட்டிய மலைநாட்டு ரயில்பாதை, 1973ஆம் ஆண்டு அவர் மறைந்த சில நாள்களிலேயே தீயில் அழிந்தது. அவர் கற்பித்த முறைகளை இன்றும் பலர் கையாளுகின்றனர். இவ்வேலையில் கோடு நேராக விழவேண்டும் என்ற கட்டாயமில்லை. நடுங்கும் கை தீட்டிய துருவில் குறை காண இயலாது.

கால அட்டவணை

வண்டியைச் சும்மா வட்டமடிக்க விடுவது சில நாளில் சலித்துவிடும். ஆகவே உண்மை ரயில்வே போலவே அதை நடத்துவோர் பலர். எந்தச் சரக்குப் பெட்டி எந்த நிலையத்திற்குப் போகவேண்டும் என்று சீட்டு எழுதுவார்கள். எந்த வண்டி எதற்கு வழிவிட வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். வேகக் கடிகாரம் என்று ஒன்றும் வைத்துக்கொள்வார்கள். அது 12 மடங்கு விரைவாக ஓடினால் நம்முடைய 2 மணி நேரத்தில் அங்கு ஒரு முழு நாள் கழிந்துவிடும். நினைவும் கவனமும் வரிசைப்படுத்தும் திறனும் வேண்டப்படும் இப்பணியைப் படுக்கையில் இருந்தபடியும் செய்யலாம். வண்டியை ஓட்டுவது பேரப்பிள்ளையாக இருக்கட்டும், ஆணை தருபவர் தாத்தாவாக இருக்கட்டும்.

ஒரு தந்தையும் ஒரு பொத்தானும்

கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங்கின் மகன் பெருமூளை வாதத்துடன் பிறந்தவர். மாதிரி ரயிலை இயக்கும் சிறு குமிழ்களைத் திருக அவரால் இயலாது. மகன் வண்டி ஓட்டவேண்டும் என்பதற்காகவே, பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினால் இயங்கும் அமைப்பை உருவாக்குவதில் அத்தந்தை இறங்கினார். அம்முயற்சி அவரை அமெரிக்காவின் பழம்பெரும் மாதிரி ரயில் நிறுவனமான லயனலிடம் கொண்டுசேர்த்தது. 1995இல் அந்நிறுவனத்தை வாங்கியவர்களுள் அவரும் ஒருவரானார். மகனால் ரயிலுக்கேற்பத் தன் கையை மாற்றிக்கொள்ள இயலவில்லை. ஆகவே கைக்கேற்ப ரயிலை மாற்றினார் தந்தை. பராமரிப்போர் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்துவருவதும் இதுவே என்று எங்களுக்குத் தோன்றியது.

தொடங்கும் முன்

சில எச்சரிக்கைகளையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் சால்டரிங் செய்ய வேண்டாம். அழுத்தினால் பொருந்தும் தண்டவாளங்களே போதும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் கூரிய கத்தியைப் பிறரிடம் கொடுத்துவிடுவது நலம். ஆஸ்துமா உள்ளவர்கள் பசை, வண்ணத் தெளிப்பான் ஆகியவற்றின் ஆவியையும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் மரத்தூள், பூசணம் பிடித்த தூள் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வலிமையான காந்தத்தை மார்பருகே கொண்டுசெல்லலாகாது. சிறு பொருள்களும் பொத்தான் மின்கலங்களும் குழந்தைகளுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் எட்டாதிருக்கட்டும். முதுகுக்குச் சாய்மானம், முழங்கை உயரத்தில் மேசை, நல்ல வெளிச்சம், ஒருமுறைக்கு 20 நிமிடம் என்று தொடங்குங்கள். இறக்குமதி வண்டிகளின் விலை அதிகம். ஆகவே முதலில் அட்டையில் ஒரு நிலையம் செய்து பாருங்கள். பார்த்துவிட்டுத் தொடங்க விரும்புவோருக்குப் புனேயில் ஜோஷி மாதிரி ரயில் காட்சியகம் உள்ளது.

இது மருந்தன்று, பயிற்சிக்கு மாற்றுமன்று. அந்த அன்பரின் வலக்கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்கள் உறுதி கூறவும் இல்லை. ஆனால் அவர் சுவரைப் பார்ப்பதில்லை. மாலை நான்கு முதல் ஆறு வரை வண்டிகள் ஓடுகின்றன. அந்நேரத்தில் அவர் மனைவி அச்சமின்றிக் கடைக்குப் போய்வருகிறார். அவருடைய அட்டவணையில் ஒரு வண்டி மட்டும் நாள்தோறும் 7 நிமிடம் தாமதமாக வருகிறது. காரணம் கேட்டோம். "அது அப்படித்தான் வரும், டாக்டர்" என்றார்.

சென்ற முறை விடைபெறும்போது அடுத்த வருகைக்கு மாலை நேரம் ஒன்றைக் குறித்துக் கொடுத்தோம். சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "காலையில் போடுங்கள். மாலையில் எனக்கு டியூட்டி இருக்கிறது."