மாப்பிள்ளை வெளிநாட்டில்: எந்த வீசாவில் போகப் போகிறோம்?

வெளிநாட்டு மாப்பிள்ளை பேசி வந்தால் எங்கள் வீடுகளில் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். யாருடைய மகன், தொழுகையாளியா, எவ்வளவு சம்பளம், எப்போது லீவில் வருவார். அதன் பிறகு பெரியவர்கள் சொல்வது: "நிக்காஹ்வை முடித்துவிடுவோம், வீசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இந்தக் கட்டுரை அந்தப் "பிறகு" பற்றியது. எந்த வீசா என்பது நிக்காஹ்வுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விடயம். நிக்காஹ் எந்தத் தேதியில் நடந்தது, எங்கே நடந்தது, யார் நேரில் இருந்தார்கள், எப்படிப் பதிவானது என்பதைப் பார்த்துத்தான் சில நாடுகள் கதவைத் திறக்கின்றன.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறார். நிக்காஹ் முடிந்து இரண்டு வருடமாகத் தொலைபேசியில்தான் குடும்பம் நடக்கிறது. கணவர் நல்லவர், மாதா மாதம் காசு அனுப்புகிறார். ஆனால் அவர் 2024 நடுப்பகுதியில் இங்கிலாந்துக்குப் போனது முதியோர் பராமரிப்பு வேலை வீசாவில். 2024 மார்ச் 11 முதல் அந்த வீசாவில் போகிறவர் மனைவியையோ பிள்ளைகளையோ தம்முடன் சேர்த்துக்கொள்ள முடியாது. இதை நிக்காஹ்வுக்கு முன் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆங்கிலப் படிவங்களை வாசித்துச் சொல்ல அவர் என்னைக் கூப்பிட்டதிலிருந்துதான் நான் இவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அவர் அங்கே என்ன வீசாவில் இருக்கிறார்?" பிரஜாவுரிமையா, நிரந்தர வதிவிடமா, வேலை வீசாவா, மாணவரா, அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருக்கிறாரா? "லண்டனில் இருக்கிறார்" என்பது இதற்குப் பதிலாகாது. முதுமாணிப் படிப்புக்குப் போன மாணவரும் லண்டனில்தான் இருக்கிறார். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய பாடநெறிகளில், ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பவர்களையும் அரச புலமைப்பரிசில் பெற்றவர்களையும் தவிர, மற்ற மாணவர்கள் மனைவியை அழைக்க முடியாது.

வளைகுடா நாடுகளில் விடயம் சுருக்கமானது. அங்கே கணவரின் சம்பளமும் தொழிலும்தான் வீசா. ஐக்கிய அரபு இராச்சியத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பனி தரும் வீடும் இருந்தால் குடும்பத்தை எடுக்கலாம். சவூதியில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. 2017இல் 100 ரியாலாக ஆரம்பித்து 2020இல் இந்த அளவுக்கு வந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். சாதாரண சம்பளக்காரர்கள் குடும்பத்தை விசிட் வீசாவில் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பிரஜாவுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ள மாப்பிள்ளை என்றால் இங்கிலாந்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இங்கே நிக்காஹ் செய்து பதிந்த பிறகு வாழ்க்கைத்துணை வீசா. மற்றது, நிச்சயம் மட்டும் செய்துவிட்டுப் போய் அங்கே திருமணம் செய்யும் வீசா. இரண்டாவது இலகுவாகத் தோன்றும். ஆனால் அது ஆறு மாதத்துக்குத்தான். அந்தக் காலத்தில் வேலை செய்ய முடியாது. திருமணம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பித்து மறுபடி காசு கட்ட வேண்டும். அதோடு, அங்கே பள்ளிவாசலில் செய்யும் நிக்காஹ் மட்டும் அந்நாட்டுச் சட்டப்படி திருமணமாகாது. அரச பதிவும் வேண்டும். 2020 பெப்ரவரியில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இலங்கையில் முறையாகப் பதிந்த நிக்காஹ்வுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால் இங்கே பதிந்துவிட்டுப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த வீசா 33 மாதங்களுக்குக் கிடைக்கும், வேலையும் செய்யலாம்.

ஆனால் செலவு சிறியதல்ல. கணவரின் வருட வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11க்கு முன் இது 18,600 ஆக இருந்தது. மணமகள் இங்கே ஆசிரியையாக உழைக்கும் சம்பளம் கணக்கில் வராது. வைத்தியச் சேவைக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண் வீதம் மூன்று வருடத்துக்கு 3,105 பவுணை வீசாக் கட்டணத்துக்கு மேலதிகமாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஏ1 மட்டத்து ஆங்கிலப் பரீட்சையும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. ஏ1 என்பது பெயர், ஊர், குடும்பம் பற்றிப் பேசும் மட்டம்தான். உயர்தரம் படித்த எவரும் பயப்படத் தேவையில்லை.

கனடாவில் வருமான எல்லை பொதுவாக இல்லை. ஆனால் எங்கள் சமூகம் மிகவும் கவனிக்க வேண்டிய நிபந்தனை அங்கேதான் இருக்கிறது. 2015 ஜூன் 11 முதல், மணமகனோ மணமகளோ நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை வைத்துக் கனடாவுக்கு வாழ்க்கைத்துணையாக விண்ணப்பிக்க முடியாது. தொலைபேசி, இணையம், வக்கீல் நியமித்தல் எல்லாம் இதில் அடங்கும். மாப்பிள்ளை டொரன்டோவில் இருக்க, இங்கே ஸூமில் நிக்காஹ் முடிப்பது மார்க்கத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் கனடாவுக்குப் பயன்படாது.

மாப்பிள்ளை நேரில் வந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் பல நிக்காஹ்கள் பள்ளிவாசலில் மாப்பிள்ளைக்கும் வலிக்கும் இடையில் நடக்கின்றன. மணமகள் வீட்டில் இருப்பார். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவுப் புத்தகத்தில் மணமகளின் கையொப்பமும் கட்டாயமில்லை. மாப்பிள்ளை, வலி, நிக்காஹ் நடத்தியவர் ஆகியோரின் ஒப்பம் போதும். அப்படியானால் தனது திருமணத்தில் அந்தப் பெண் இருந்தார் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? வெளிநாட்டு அதிகாரி கேட்கும் கேள்வி இது. எங்களுக்கும் நல்ல கேள்விதான். நிக்காஹ்வை மணமகளின் வீட்டிலோ மண்டபத்திலோ வைத்து, அவரும் அங்கே இருக்க, சாட்சிகளோடு படம் எடுத்து வைத்தால் மார்க்கத்துக்கு எந்தக் குறையும் வரப்போவதில்லை.

எங்கள் சட்டத்தின்படி பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லுபடியாகும். அதை நம்பிச் சிலர் பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். மோசமான விளைவு இன்னொன்று. இரகசியமாக நிக்காஹ் செய்துவிட்டு, கனடாவுக்கு நிரந்தர வதிவிடம் பெறும்போது "திருமணமாகாதவர்" என்று எழுதிப் போனால், அப்போது மறைத்த மனைவியைப் பிறகு அழைக்க முடியாது. 2019இல் தொடங்கிய தளர்வு ஒரு சில பிரிவினருக்கே உதவுகிறது. மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தால் எங்கள் சட்டம் இரண்டாவது நிக்காஹ்வைப் பதியலாம், ஆனால் கனடாவும் இங்கிலாந்தும் இரண்டாவது மனைவிக்கு வீசா தராது.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினேழு. இலங்கையின் பொது விவாகச் சட்டம் 1995இல் 18 வயதை எல்லையாக்கியது. முஸ்லிம் சட்டம் அப்படி ஓர் எல்லையை வைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தும் கனடாவும் 18 வயதுக்குக் குறைந்த மனைவிக்கு வாழ்க்கைத்துணை வீசா தருவதில்லை. டென்மார்க் 2002 முதல் இருவருக்கும் 24 வயது கேட்கிறது. ஆக, உயர்தரப் பரீட்சையை விட்டுவிட்டு அவசரமாக நிக்காஹ் செய்வதால் பயணம் ஒரு நாள்கூட முந்தப்போவதில்லை. பெற்றோர் இதை இன்னொரு முறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது. இங்கிலாந்தில் விசிட் வீசாவிலிருந்து வாழ்க்கைத்துணை வீசாவுக்கு உள்ளே இருந்தபடி மாற முடியாது. அவுஸ்திரேலியா சில விசிட் வீசாக்களில் 8503 என்ற நிபந்தனையைப் போடுகிறது. அது இருந்தால் அங்கே தங்கி வேறு வீசா கேட்பது பெரும்பாலும் அடைபடும். பொய்த் தகவல் கொடுத்து அகப்பட்டால் கனடாவில் ஐந்து வருடத் தடை, இங்கிலாந்தில் பத்து வருடம் வரை. தரகர் அடுத்த வேலையைப் பார்ப்பார், தடை பெண்ணின் பெயரில் இருக்கும்.

பத்திரங்கள் விடயத்தில் எங்கள் பகுதியில் பெரிய தொல்லை பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, நிக்காஹ் பதிவில் உம்மா கூப்பிடும் பெயர். நிக்காஹ் பதிவதற்கு முன் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தலுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருப்பதால் அதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் எடுக்கத் தேவையில்லை. உறவு உண்மையானது என்பதற்கும் சான்று கேட்பார்கள்: படங்கள், பேசிய பதிவுகள், பயணச் சீட்டுகள், அனுப்பிய காசின் ரசீதுகள். வெட்கத்தால் ஒரு படமும் எடுக்காத குடும்பங்களுக்கு இது சிரமம். நிக்காஹ்வுக்குப் பிறகு எடுக்கும் படத்தில் என்ன வெட்கம் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: கணவரோடு சேர்ந்து வாழ முடியாத நிலை வந்தால் அந்த வீசாவுக்கு என்ன ஆகும்? வழியைத் தெரிவுசெய்யும்போது இதைக் காசுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். வளைகுடாவில் மனைவியின் வதிவிடம் கணவரின் வதிவிடத்தில் தொங்குகிறது, அவர் வேலை போனாலும் போய்விடும். இங்கிலாந்தில் வாழ்க்கைத்துணை வீசாவில் இருப்பவர் கணவரின் வன்முறையால் பிரிந்தால், தானாகவே நிரந்தர வதிவிடம் கேட்க வழி உண்டு. நிச்சயதார்த்த வீசாவில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. கனடா 2012இல், இரண்டு வருடம் கணவரோடு வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை வைத்தது. பெண்கள் அடியைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டி வருகிறது என்ற எதிர்ப்பு எழுந்ததால் 2017இல் அதை நீக்கியது. இன்று அங்கே போகும் மனைவி முதல் நாளிலிருந்தே நிரந்தர வதிவாளர். அந்த அட்டையும் கடவுச்சீட்டும் அவருடைய சொந்தக் கைப்பையில் இருக்க வேண்டியவை, பிரதிகள் இங்கே வாப்பாவின் அலுமாரியில்.