சீட்டில் வந்த மாதா

சனிக்கிழமை மாலை. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் வாங்கிய டைலர்களும், செக்கிங், பேக்கிங் பெண்களும் திருப்பூர்க் கடைவீதியை நோக்கி நடக்கின்றனர். சாலையோர மரநிழலில் கிளிக்கூண்டுடன் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்லி அழைத்ததும் கிளி தத்தித் தத்தி வெளியே வருகிறது. அடுக்கிய சீட்டுகளில் ஒன்றை அலகால் கவ்விக் கொடுக்கிறது. கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு மீண்டும் கூண்டுக்குள் புகுந்துகொள்கிறது. இக்காட்சி முன்போல் மிகுதியாக இல்லையெனினும், தமிழகத்து ஊர்களிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இருபத்தேழு நட்சத்திரங்களுக்கு ஏற்ப இருபத்தேழு சீட்டுகள் வைத்துக்கொள்வது வழக்கம். அவற்றுள் பெரும்பாலானவை இந்து சமயத் தெய்வங்களின் படங்கள். புத்தரும், இயேசுபிரானும், குழந்தையை ஏந்திய தேவ அன்னையும் இடம்பெறும் சீட்டுகளும் உண்டு. கத்தோலிக்கப் பெண்ணொருத்திக்கு அன்னையின் சீட்டு வந்துவிட்டால் அவள் உள்ளம் எப்படி உருகும்! “மாதாவே வந்துவிட்டாள், இனி நல்ல காலந்தான்” என்று கண்கலங்கமாட்டாளா? அவளை ஏளனம் செய்வது எளிது. அவளுக்கு விடை கூறுவதே நம் கடமை. மாதாவின் படத்தைத் தாங்கியிருப்பதால் அச்சீட்டு மாதாவின் வாக்காகிவிடுமா?

சீட்டில் ஏறிய பாப்பரசர்

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டில் ‘டாரட்’ என்றொரு சீட்டுக்கட்டு உண்டு. இன்று கைப்பேசி வழியாகத் தமிழிலும் அதைக் கொண்டு பலன் சொல்கின்றனர். அதன் 78 சீட்டுகளில் ஒன்று பாப்பரசரின் உருவம். தலையில் மூவடுக்கு மணிமுடி. ஆசி வழங்கும் வலக்கை. இடக்கையில் சிலுவைக் கோல். இதைக் காணும் நம்மவர், “பாப்பரசரே இருக்கும்போது இதில் என்ன தவறு?” என்று எண்ணக்கூடும்.

வரலாறு கூறுவது வேறு. 1440-களில் வட இத்தாலியில் பொழுதுபோக்கு விளையாட்டாகவே இச்சீட்டுகள் தோன்றின. 1450-ஐ ஒட்டி மிலான் நகரக் கோமகன் குடும்பத்துக்காகத் தீட்டப்பட்ட அழகிய கட்டிலும் பாப்பரசர் இருக்கிறார். பேரரசரைப் போன்று அவரும் அங்கே ஒரு துருப்புச் சீட்டு, அவ்வளவே. பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பொலோஞ்ஞா நகரில் 1725-ல் அவரையும் பேரரசரையும் கட்டிலிருந்து அகற்றி, மூர் இனத்தாரின் உருவங்களை வைத்தனர். ஆட்டம் தடையின்றி நடந்தது!

அப்படியாயின் குறிசொல்லும் வழக்கம் பரவியது எப்போது? 1781-ல் கூர் தெ ஜெபலான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவை பண்டைய எகிப்தியரின் மறைஞான ஏடுகள் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்க வல்லவர் எவருமிலர். 1822-ல் ஷாம்போலியோன் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்தபின்னும் அக்கூற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் கற்பனை வேரூன்றிவிட்டது. 1909-ல் இலண்டனில் வெயிட் என்பவர் வெளியிட்ட கட்டில், பாப்பரசர் என்ற பெயரே மாறிப் பண்டைய கிரேக்கப் பூசாரியின் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. படத்திலோ மூவடுக்கு முடியும், காலடியில் இரு திறவுகோல்களும், முன்னே இரு துறவியரும் அப்படியே இருந்தனர். அக்கட்டுக்குப் படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி இரண்டே ஆண்டுகளில், 1911-ல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பது நினைக்கத்தக்கது.

அத்திறவுகோல்கள் யாருடையவை? விண்ணரசின் திறவுகோல்களை ஆண்டவர் புனித இராயப்பரிடம் ஒப்படைத்ததை மத்தேயு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவை பாவத்தின் கட்டை அவிழ்க்கத் தரப்பட்டவை. நாளைய தினத்தின் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கத் தரப்பட்டவை அல்ல. மூவடுக்கு மணிமுடியையோ, 1964-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஏழைகளுக்கெனக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டார். சீட்டில் அது இன்னும் மினுங்குகிறது.

பிலிப்பி நகரத்து அடிமைப் பெண்

அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரத்தில், குறிசொல்லும் ஆவி பிடித்த அடிமைப் பெண்ணொருத்தி வருகிறாள். புனித சின்னப்பரும் உடனிருந்தோரும் உன்னத கடவுளின் ஊழியர் என்று அவள் கூவிக்கொண்டே பின்தொடர்ந்தாள். சொன்னது உண்மைதான்! எனினும் புனிதர் அதை நற்சான்றாக ஏற்கவில்லை. அவளை அந்த ஆவியினின்று விடுவித்தார். வருமானம் போயிற்றே என்று அவளுடைய எசமானர்கள் சினந்தனர். புனிதச் சொல்லே குறியைப் புனிதமாக்கவில்லையென்றால், புனிதப் படம் எங்ஙனம் ஆக்கும்? குறிசொல்லுதலின் எல்லா வகைகளையும் விலக்கவேண்டும் என்றே 1992-ல் வெளிவந்த ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலும் (எண் 2116) போதிக்கிறது.

திருப்பூர் மக்கள் நாளையை எண்ணி அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2011-ல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் பெருந்தொற்று வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. எங்கோ எடுக்கப்படும் முடிவு இங்கே ஒரு குடும்பத்தின் உலையை அணைத்துவிடுகிறது. “அடுத்த வாரம் வேலை உண்டா?” என்பது வீண் ஆர்வத்தில் எழும் கேள்வியன்று, அது பசியின் கேள்வி. அதற்குக் கிளியிடம் விடையில்லை. அருகிருப்போரிடம் சிறிதேனும் உண்டு. வேலையிழந்த வீட்டுக்கு ஒருபடி அரிசியும், மற்றொரு கம்பெனியில் ஆள் தேவை என்ற செய்தியும் கொண்டு செல்லும் அன்பியக் குடும்பமே அச்சத்துக்குத் தக்க மருந்து.

தேவ அன்னையை நினைத்துப் பாருங்கள். கபிரியேல் தூதர் வந்தபோது பெத்லகேமின் மாட்டுக்கொட்டிலும், எகிப்துக்கு ஓடும் இரவும், கல்வாரியும் அவருக்கு விரித்துக் காட்டப்படவில்லை. நாளை இன்னதென்று அறியாமலே, “ஆகட்டும்” என்றார். சீட்டில் அன்னையின் முகத்தைக் கண்டு மனம் உருகும் சகோதரியே, அந்த உருக்கம் மெய்யானதே. அதைத் தெருவோரத்தில் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு சென்று, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, செபமாலையைக் கையில் எடுங்கள். நாளை என்ன நடக்கும் என்று அன்னை சொல்லமாட்டார். நாளையும் உடன் வருவார்.